மெதுவா வா

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதென்றால் பணம் வேண்டும். கல்கத்தாவுக்கு வர பாஸ் இருந்தது. சித்தப்பா அப்போது விருதுநகர் ஜங்ஷனில் கூட்ஸ் கிளார்க். புதுப் பெண்டாட்டியின் பெயரையும் எழுதி வாங்கிய முதல் பாஸ் அது. பாஸைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போவானேன், தேசத்தின் அந்தக் கோடிக்கே போய் வருவோம் என்று கணக்குப் போட்டிருப்பார். எதற்கும் கணக்குப் போடுகிற மனிதர். அந்தக் கோடியில் மனைவியின் அக்கா வீடு வேறு இருந்தது, ஹோட்டல் செலவும் மிச்சம். 1979 தை மாதம் திருநெல்வேலியில் கல்யாணம் முடிந்து, மறுவீடும் விருந்துகளும் ஓய்ந்த கையோடு இருவரும் மெட்ராஸ் போய் ஹவுரா மெயில் ஏறிவிட்டார்கள்.

வங்காளத்தில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். நான் ஆறாம் வகுப்பில் அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்தேன். அதனால் கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய் வந்தாள். சித்தியை எனக்கு நன்றாகத் தெரியும்; ஒரு லீவில் ஊருக்குப் போயிருந்தபோது குறுக்குத்துறைப் படித்துறையில் எனக்கு நீச்சல் பழக்கியவள் அவள்தான். சித்தப்பாவைத்தான் பார்த்ததில்லை. ஹவுரா பிளாட்பாரத்தில் அப்பாவும் நானும் தேடி நின்றபோது, தலையில் காய்ந்த பூவோடு சித்தி முதலில் இறங்கினாள். பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, அதற்கும் பின்னால் அவர். சாக்கில் கருப்பட்டியும் அவிச்ச பனங்கிழங்கும் இருந்தன. அந்த வாசனை டாக்ஸியிலும் கூடவே வந்தது.

ஹவுரா பாலத்தில் டாக்ஸி ஏறியதும் அப்பா ஆரம்பித்துவிட்டார். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர் சொல்கிறதுதான். 1943இல் திறந்தது, நட்டு போல்ட் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் ரிவெட், மொத்தம் 26,500 டன் எஃகு. மற்றவர்கள் இந்த இடத்தில் “அப்படியா!” என்பார்கள். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வேகனுக்கு 22 டன்னு வச்சா 1,200 வேகன் வருது அண்ணாச்சி” என்றார். அப்பா முகத்தில் அப்படியொரு மரியாதையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

எங்கள் வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒன்றரை அறை. ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய அந்தத் தெருக்களில் தமிழ்ச் சத்தம் எப்போதும் கேட்கும். வாழையிலை, முருங்கைக்காய், அரைத்த காப்பித்தூள், தொடுத்த மல்லிகை எல்லாம் மார்க்கெட்டில் கிடைக்கும். ஊரில் கிடைப்பதில் அங்கே கிடைக்காதது இடம் ஒன்றுதான். அந்த ஒரு அறையை ஜோடிக்கு விட்டுக்கொடுத்து, அப்பா, அம்மா, நான், தங்கை, ஆச்சி ஐந்து பேரும் அரை அறையிலும் வராந்தாவிலும் படுத்தோம். இரண்டுக்கும் நடுவே கதவு கிடையாது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் ஆச்சியின் பாய். ஆச்சி அப்பாவைப் பெற்றவள், தூக்கம் குறைவு. சேலைக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று ஏதாவது கேட்டால் இருமுவாள். உடனே அந்தப் பக்கம் அடங்கிவிடும். ஆச்சிக்கு மார்கழிச் சளி இன்னும் போகவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒரு பழைய டீ கம்பெனியில் ஸ்டெனோ. ஆபீஸ் ரெமிங்டனில் சுற்றுலாத் திட்டம் ஒன்றைக் கார்பன் வைத்து டைப் அடித்துக்கொண்டு வந்திருந்தார். காலை காளிகாட், பத்தரை மணிக்கு மியூசியம், மதியம் கட்டுச்சோறு, இரண்டரைக்கு விக்டோரியா மெமோரியல் என்று நிமிஷத்துக்கு நிமிஷம். ஒரு படி சித்தப்பாவுக்கு, ஒரு படி எனக்கு. எனக்கு எதற்கென்றால், நான்தான் வழிகாட்டி. வந்தவர்கள் இருவருக்கும் வங்காளியும் தெரியாது, இந்தியும் தெரியாது. அப்பாவுக்கு லீவு இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆச்சி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏல, ரெண்டு பேரையும் கண்ணுல இருந்து விட்றாத. எங்க போனாலும் கூடவே நில்லு, கேட்டியா?” என்றாள். ஊர் தெரியாதவர்கள் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அந்த வேலையை நான் உயிரைக் கொடுத்துச் செய்தேன்.

முதல் சோதனை டிராமில். அப்போதெல்லாம் இரண்டு பெட்டி டிராமில் முன்பெட்டி முதல் வகுப்பு. அங்கே மின்விசிறி உண்டு, சீட்டில் மெத்தை உண்டு, டிக்கெட் கொஞ்சம் கூடுதல். பின்பெட்டியில் மரப்பலகை. விருந்தாளிகளை முன்பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று அப்பா காசு கணக்காகக் கொடுத்திருந்தார். சித்தப்பா முன்பெட்டியை எட்டிப் பார்த்தார். “பேன் ஓடலையே?” குளிர்காலத்தில் யார் பேன் போடுவார்கள்? “ஓடாத பேனுக்கு எதுக்குடா காசு?” என்று எங்களைப் பின்பெட்டிக்கு நடத்திக்கொண்டு போனார். ஏறியதும் சித்தியை லேடீஸ் சீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா ஆண்கள் பக்கம் மாட்டிக்கொண்டார். நடுவில் பத்துத் தலைகள். சித்தி அவரைத் திரும்பிப் பார்ப்பதும், அவர் கழுத்தை நீட்டுவதுமாக டிராம் மைதானத்தின் ஓரமாக ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. ஆச்சி இருமல், டிராமில் லேடீஸ் சீட். அந்த ஊரும் எங்கள் வீடும் சேர்ந்து சதி செய்ததாக சித்தப்பா நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

மியூசியத்தில் மம்மி இருக்கும் அறைக்குத்தான் எல்லோரும் ஓடுவார்கள். எகிப்திலிருந்து கொண்டுவந்து கண்ணாடிக்குள் கிடத்தியிருப்பார்கள். சித்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். “தாலி கட்டி மாசம் ஆகல, பொணத்தப் போய் பாக்கலாமா?” சித்தப்பா அவள் காதருகே குனிந்து, “ஆயிரக்கணக்குல வருசமாச்சு. தீட்டெல்லாம் கழிஞ்சிருக்கும்” என்றார். அவள் போய்ப் பார்த்தாள். நன்றாகக் குனிந்து, கால் விரல்வரை பார்த்தாள். வெளியே வந்ததும், இதை ஆச்சியிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்குக் கூலியாக எஸ்பிளனேடில் கே.சி. தாஸ் கடையில் ரசகுல்லா கிடைத்தது. வீட்டுக்கு வந்து, அந்தக் குளிரில், யாருக்கும் தெரியாமல் தலைக்கும் குளித்துவிட்டாள். மறுநாள் ஒரே தும்மல். “தண்ணி மாறினது ஒத்துக்கல” என்று ஆச்சி சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் கொடுத்தாள்.

அன்றைக்கே சௌரங்கியில் அவர்களுக்குள் முதல் சண்டையும் நடந்தது. மெட்ரோவுக்காகத் தெருவைப் பிளந்து போட்டிருந்த காலம் அது. 1972 கடைசியில் அடிக்கல் நாட்டி, அடுத்த வருஷம் தோண்டத் தொடங்கியது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சௌரங்கி என்றாலே தகரத் தடுப்பும் மண்மேடும் மழைக்காலத்தில் தேங்கிய குளமும்தான். எங்களுக்கெல்லாம் அது ஒரு தொந்தரவு. சித்தப்பாவுக்கு அதுதான் கல்கத்தா. தகர இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றார். இரண்டு பக்கமும் முதலில் சுவர் இறக்கி, நடுவில் மண்ணை எடுத்து, உள்ளே கான்கிரீட் பெட்டி கட்டி, மேலே மூடித் திரும்பவும் ரோடு போடுகிறார்கள் என்று தானாகவே கண்டுபிடித்து எனக்கு விளக்கினார். “எப்ப முடியும்னு கேளுடா அவன்கிட்ட.” கேட்டேன். மண் சுமந்துகொண்டிருந்தவர் சிரித்துவிட்டு, “ஹோபே, ஹோபே” என்றார். ஆகும், ஆகும். அப்பாவின் திட்டப்படி நாங்கள் விக்டோரியாவில் இருந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிப்போனது. “ஊர்லயும் ரயிலு, இங்கயும் ரயிலா?” என்று சித்தி விடுவிடுவென்று நடந்து மைதானத்துப் புல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் வீடு வரும்வரை இருவரும் என்னிடம் மட்டுமே பேசினார்கள். எனக்குப் பரம சந்தோஷம்.

சமாதானத்தை மின்வாரியம் செய்துவைத்தது. அந்த வருஷங்களில் கல்கத்தாவில் லோட் ஷெடிங் இல்லாத நாள் அபூர்வம். ராத்திரி கரண்டு போனதும் அம்மா ஹரிக்கேன் விளக்கைத் தேடினாள். பக்கத்து வீட்டு மாஷிமா மெழுகுவர்த்தியோடு வந்து, ‘நோதுன் போவு’ எங்கே என்று கேட்டாள். புதுப் பெண்ணைப் பார்க்க வந்தவளுக்கு ஒரே வருத்தம், வகிட்டில் குங்குமம் இல்லை, கையில் சங்கு வளையல் இல்லை, இதென்ன கல்யாணம் என்று. சித்தி மஞ்சள் கயிற்றை இழுத்துக் காட்டினாள். மாஷிமா மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, திருப்தியில்லாமல், தன் வீட்டிலிருந்து சிந்தூரம் கொண்டுவந்து வகிடு நிறைய இட்டுவிட்டாள். அதன்பின் இருட்டில் பெரியவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தெரு முழுக்கப் பிள்ளைகள் ‘ஹோ’வென்று கத்த, விளக்கு வந்தது. ஆச்சி ஆள் எண்ணினாள். இரண்டு குறைந்தது. “மொட்டை மாடில இருப்பாங்க அத்த, உள்ள புழுக்கமா இருக்குல்லா” என்றாள் அம்மா. தை மாதக் குளிரில் அம்மாவைத் தவிர யாருக்கும் புழுக்கம் தெரியவில்லை. என்னை மேலே அனுப்ப ஆச்சி வாயெடுத்தபோது, சாப்பிட வரும்படி அம்மா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விக்டோரியா மெமோரியல். உள்ளே ராணி உட்கார்ந்த நாற்காலி, பியானோ, பழைய படங்கள் எல்லாம் சித்தப்பா கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். மக்ரானா சலவைக்கல், 1921இல் திறந்தது, உச்சியில் இருக்கும் தேவதை காற்றடித்தால் சுழலும்படி வைத்தது என்று நான் ஒப்பித்ததற்கெல்லாம் தலையாட்டினார். தோட்டத்துக்கு வந்தபோதுதான் இருவரும் நின்று பார்த்தார்கள். குளத்தங்கரையில், புதர் ஓரத்தில், மரத்தடியில், எங்கே பார்த்தாலும் ஜோடிகள். வெயிலும் இல்லை மழையும் இல்லை, ஆனாலும் பாதிப்பேர் குடை விரித்திருந்தார்கள். குடை ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு கால்கள் மட்டும் தெரியும். “இவங்கெல்லாம் கல்யாணம் ஆனவங்களாடா?” என்றாள் சித்தி. உள்ளூர்க்காரன் தோரணையில், “ஆகாதவங்க” என்றேன். “ஆனவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று சித்தப்பா சொல்லிவிட்டு, என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். சித்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அப்புறம் எட்டணாவை என் கையில் வைத்து, தூரத்தில் நின்ற ஜால்முரிக்காரனைக் காட்டினார். “போய் வாங்கிச் சாப்பிட்டுட்டு வா. ஓடாத. மெதுவா வா.”

ஜால்முரிக்காரன் பொரியில் வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு, கடுகெண்ணெய் ஊற்றி டப்பாவில் குலுக்கிக் காகிதப் பொட்டலத்தில் தருவான். நான் பாதித் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன், ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. இருவரும் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் கட்டுச்சோற்றுத் தூக்குச் சட்டி. கண்ணிலிருந்து விடவில்லை அல்லவா, அது போதும் என்று தீர்மானித்தேன். திரும்பி வந்தபோது சட்டி பெஞ்சுக்குக் கீழே இருந்தது.

இன்றைக்கு யோசித்தால், அப்பா டைப் அடித்த அந்தத் தாளில் உட்காருவதற்கென்று ஒரு நிமிஷம்கூட ஒதுக்கப்படவில்லை. கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அந்தத் தலைமுறை ஜோடிகளுக்கு, ‘ஊர் சுத்திப் பாத்துட்டு வாரோம்’ என்பதுதான் பெரியவர்கள் முன்னால் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம். தனியாக இருக்க வேண்டும் என்று யாரிடம் கேட்பது? மிருகக்காட்சிசாலை பார்க்க வேண்டும் என்றால் பஸ் காசும் கொடுத்து அனுப்புவார்கள். கல்கத்தா இதைப் புரிந்துகொண்ட ஊர். லேக்கில், கங்கைக் கரையில், மைதானத்தில் ஜோடியாக உட்கார்ந்தவர்களை அது முறைத்துப் பார்த்ததில்லை. கூட வந்த வாலை மட்டும் என்ன செய்வது என்று அந்த ஊருக்கும் தெரியவில்லை.

பிர்லா கோளரங்கம் பக்கத்திலேயே இருந்தது. சாஞ்சி ஸ்தூபம் மாதிரியில் கட்டி, 1963இல் நேரு திறந்துவைத்தது. “இருட்டைப் பாக்க டிக்கெட்டா? அதான் உங்க வீட்டுல தினமும் ஓசியில காட்டுதாங்களே” என்றார் சித்தப்பா. ஆனாலும் உடனே வாங்கினார். டிக்கெட் என் கையில் இருந்ததால் நான் நடுவில் உட்கார்ந்தேன். விளக்கணைந்து, கூரையில் சூரியன் மறைந்து, ஒவ்வொன்றாக நட்சத்திரம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு கனத்த குரல் கிரகங்கள் இடம் மாறுவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. காட்சி முடிந்து வெளிச்சம் வந்தபோது நான் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். எப்போது, எப்படி நகர்த்தினார்கள் என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் அப்போது ருத்ராணி இருந்தாள். அப்பன் புலி, அம்மா சிங்கம். உடம்பில் மங்கலான கோடுகள், முகத்தில் எந்தச் சாயல் என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. “இதுகளுக்கு யாரு பொருத்தம் பாத்தது?” என்று சித்தப்பா கேட்க, சித்தி, “ஒம்பது பொருத்தம் இருந்திருக்கும், யோனிப் பொருத்தம் ஒண்ணுதான் இல்ல” என்று சட்டென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் புரியவில்லை. ராத்திரி ஆச்சியிடம் ருத்ராணி கதையைச் சொன்னேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, “அத எந்தச் சாதில சேர்க்காக?” ராபர்ட் கிளைவின் தோட்டத்தில் இருந்தது என்று சொல்லப்பட்ட கிழட்டு ஆமையை அவளுக்குச் சுவாரசியமாகச் சொல்ல முயன்றேன், எடுபடவில்லை. அந்த ஆமை 2006 வரை இருந்தது, அத்வைதா என்று பெயர்.

நடுவில் ஒருநாள் சரஸ்வதி பூஜை வந்தது. நமக்கு நவராத்திரியில் வருவது அவர்களுக்கு வசந்த பஞ்சமியில். “இப்பவா?” என்று சித்தி திகைத்தாள். அன்று புத்தகத்தை எல்லாம் சாமி காலடியில் வைத்துவிடுவார்கள், படிக்கவே கூடாது. அதற்குமுன் இலந்தைப்பழம் தின்றால் படிப்பு வராது என்று வங்காளிப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். அன்றிலிருந்து தின்று தீர்ப்பார்கள். பெண்களெல்லாம் மஞ்சள் சேலை. பையன்கள் ஜிப்பாவைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றுவார்கள். வருஷத்தில் அந்த ஒருநாள் யாரும் யாரோடும் பேசலாம், வீட்டில் கேள்வி கிடையாது. சித்தியும் கூறைப்புடவைக்கு அடுத்தபடியாக எடுத்த மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு, வகிட்டில் மாஷிமாவின் சிந்தூரத்தோடு தெருவில் இறங்கினாள். ஒரு பந்தலில் பூசாரி அவளிடம் வங்காளியிலேயே ஏதோ கேட்டார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். இருவருக்கும் குறையொன்றும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தட்சிணேஸ்வரம் போன நாள். ராணி ராஸ்மணி 1855இல் கட்டிய காளி கோயில், ஒன்பது கோபுரம், ஆற்றங்கரையில் வரிசையாகப் பன்னிரண்டு சிவன் சந்நிதிகள். கும்பிட்டுவிட்டு, எதிர்க்கரையில் கொஞ்சம் கீழே இருக்கும் பேலூர் மடத்துக்குப் படகேறினோம். சித்தி தாமிரபரணிக்காரி. படகு ஆடினால் அவளுக்கு உற்சாகம். விருதுநகர்க்காரருக்குத் தண்ணீர் என்றால் குடத்தில் பார்த்ததுதான். படகு துறையை விட்டு விலகியதும் முகம் வெளுத்துப்போய், சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை வங்காளிகளுக்கும் முன்னால் சித்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்கரை சேரும்வரை விடவே இல்லை. நடுவே சித்தி தண்ணீரைப் பார்த்து, “ஏல, ஆறு மேல போவுதுல!” என்று கத்தினாள். உண்மைதான். கடல் ஏறும் நேரத்தில் ஹூக்ளி வடக்கே ஓடும், மிதக்கும் பூமாலைகளும் கூடவே வந்த வழியே திரும்பிப் போகும். எங்களுக்கு அது பழகிப்போன சங்கதி. அவள் சொல்லித்தான் நான் அதைப் பார்த்தேன். “மலையப் பாத்து ஓடுற ஆறு இருக்கும்னு எங்கம்மாகிட்ட சொன்னா நம்பமாட்டா” என்றாள். சித்தப்பா கண்ணைத் திறக்காமலே, “எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா மாறும்னு கேளு” என்றார். ஆறு மணி நேரம் என்று படகுக்காரர் சொன்னதை அவர் மறுநாள் காலை நோட்டில் எழுதிவைத்ததைப் பார்த்தேன்.

அவர்கள் கிளம்பிப்போன அன்றைக்கே ஆச்சி என்னை உட்காரவைத்து விசாரணை நடத்தினாள். எல்லா இடத்துக்கும் கூடவே போனியா? போனேன். தனியா எங்கயும் விடலையே? விடலை. அத்தனையும் நிஜம்தான் என்பதால் எனக்குத் தடுமாற்றமே இல்லை. அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்தது. சித்தி மூன்று பக்கமும் நுணுக்கி எழுதியிருந்தாள். ஆமை, ருத்ராணி, மாஷிமா, மண்சட்டித் தயிரின் இனிப்பு எல்லாம் இருந்தது. மம்மி இல்லை. ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் சித்தப்பா எனக்கென்று ஒரு வரி போட்டிருந்தார்: சௌரங்கி வேலை எந்த அளவில் இருக்கிறது, பார்த்து எழுதவும்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதத்தில் நானும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். தகரத் தடுப்பு நகர்ந்தது, மண் குறைந்தது, ரோடு மூடினார்கள் என்று. 1984 அக்டோபர் 24ஆம் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர்வரை 3.4 கிலோமீட்டருக்கு ரயில் ஓடியபோது நான் பதினோராம் வகுப்பு. வரிசையில் நின்று ஏறிவிட்டு வந்து, எத்தனை பெட்டி, எவ்வளவு நேரம், நடைமேடை எந்தப் பக்கம் என்று கார்டு போட்டேன். நாடு துக்கத்தில் கிடந்த நவம்பர் தாண்டித்தான் பதில் வந்தது. பாஸ் இந்த வருஷக் கணக்கில் இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது, ஆனால் பெரியவளுக்கு அரையாண்டுப் பரீட்சை, சின்னவனுக்கு அம்மை போட்டிருக்கிறது, அடுத்த தையில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். கீழே சித்தியின் கையெழுத்தில் ஒரு வரி: ‘வந்தால் ரயிலை அவரிடம் விட்டுவிட்டு நாம் படகுக்குப் போகலாம்.’